வானத்தில் ஒட்டியதும் பெட்டியில் ஒட்டியதும்

ஜோலீன் கடைச் சுவரில், கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே, ஒரு வெள்ளை உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது. எல்டன் கிளாட் வீட்டு முற்றத்தில் விழுந்த ஆலங்கட்டியின் பிளாஸ்டர் அச்சு அது. ஆறேகால் அங்குலம். எங்கள் மாவட்டத்தில் விழுந்ததிலேயே பெரியது என்று கீழே ஒரு பலகை, அதில் எல்டனின் பெயர். பதினான்கு வருடமாக நான் காபி குடிக்கிற ஒவ்வொரு காலையிலும் அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடுவதற்குள் அதை இறக்கிவிட்டு அந்த ஆணியில் என் கல்லை மாட்ட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால்கூட அதற்கு அடுத்தபடியாகத்தான் சொல்வேன்.

என் பெயர் ஆர்லிஸ். கெட்டில் கிரீக் பள்ளிக்கூடப் பேருந்தை முப்பது வருடம் ஓட்டியவள். நெப்ராஸ்காவின் இந்த மேற்குக் கோடியில் எந்த மண்ரோடு மழையில் சோப்பாக வழுக்கும், எது தாங்கும் என்று என் இடுப்பெலும்புக்கே தெரியும். வேலையை விட்டதும் என் வயசுக்காரர்கள் அரிசோனாவுக்குப் போய் வெயில் காய்ந்தார்கள். நான் புயல் துரத்தக் கிளம்பினேன். கூட வருகிறவள் ட்வைலா, என் வீட்டுக்காரர் டெல்பர்ட்டின் தங்கை. டெல்பர்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். நாத்தனார் மட்டும் என் கார் முன்சீட்டிலேயே தங்கிவிட்டாள்.

கார் ஒரு காலத்தில் நீல நிறம். ஆலங்கட்டி அடித்து அடித்து அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. மழை விட்டதும் அதன் கூரைக் குழிகளில் ஊர்க்குருவிகள் எல்லாம் வந்து குடும்பத்தோடு குளிக்கும்.

எல்டன் ஒரு பயிர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆலங்கட்டிச் சேதம் மதிப்பிடுகிறவராக இருந்தவர். வயல் பாய் விரித்தாற்போலப் படுத்திருக்கும், விவசாயி தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். இவர் குனிந்து ஒடிந்த தண்டையும் ஒடியாத தண்டையும் எண்ணிவிட்டு நிமிர்ந்து, "எழுபத்திரெண்டு சதவீதம்" என்பார். எழுபத்திமூன்று என்று ஒரு பாதிரியார் சொல்லியும் மாற்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. ஜோலீன் ஒருநாள் புதுசாக முடி வெட்டிக்கொண்டு வந்தபோது கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "நாப்பது சதவீதம்" என்றார். அவள் ஒரு வாரம் அவர் காபியைச் சூடாக்காமலே கொடுத்தாள்.

ஆனால் யாருக்காவது பெரிய கல் கிடைத்தால், அதை அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அவர் சட்டைப்பையில் அளவுகோல் எப்போதும் இருக்கும். அவர் சொன்னால்தான் ஊர் ஒப்புக்கொள்ளும். ஆகவே அவர் கல்லைத் தோற்கடிக்கிற கல்லை அவரே அளந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு ஊரில்தான் நான் குடியிருக்கிறேன்.

அது ஜூன் கடைசி. கோதுமை அறுப்புக்கு நின்றது. தென்கிழக்கிலிருந்து ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. துவைத்துக் காயப்போட்ட துணி போடும்போது இருந்ததைவிட எடுக்கும்போது அதிகம் நனைந்திருந்தது. மத்தியானம் ஜோலீன் கடையில் பீன்ஸும் கறியும் போட்ட சில்லியில் இலவங்கப்பட்டை ரோலைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். அடுத்த மேஜையிலிருந்து எல்டன் ஆரம்பித்தார்.

"என்ன ஆர்லிஸ், கிளம்பியாச்சா? இன்னிக்கு எவ்ளோ பெருசு விழும்? மாடு சைஸா, டிராக்டர் சைஸா?"

"உங்க மண்டை சைஸ் கிடைச்சாப் போதும் எல்டன் அண்ணே. உள்ள ஒண்ணுமில்லாம லேசா இருக்கும், தூக்கிட்டு வர்றதுக்குச் சுலபம்."

"போன மாசம் பம்பளிமாஸ் சைஸுன்னு சொன்னே. நான் போய் அளந்தேன். கோழிமுட்டை."

"நீங்க வர்றதுக்குள்ள கரைஞ்சிருச்சு."

"பம்பளிமாஸு கரைஞ்சா சின்ன பம்பளிமாஸாத்தான் ஆகும். முட்டையா ஆகாது."

"அது பெரிய கோழிண்ணே," என்றாள் ட்வைலா, வாய் நிறைய ரோலை வைத்துக்கொண்டு. எனக்கு ஆதரவாகச் சொல்கிறாளாம்.

பிற்பகலில் மேற்கு மேட்டுக்கு மேலே ஒரு வெள்ளை முளை கிளம்பியது. நாங்கள் பெட்ரோல் போட்டு முடிப்பதற்குள் அது காலிஃபிளவராகி, கோபுரமாகி, உச்சியில் பட்டறைக்கல் மாதிரி தட்டையாகப் பரந்து பாதி வானத்தை மூடிவிட்டது. அதன் நிழல் மூன்று மாவட்டத்தில் விழுந்தது. கோழிகள் எல்லாம் படுக்கப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சாதாரண மழைமேகம் வந்த வேகத்தில் அழுதுவிட்டுப் போய்விடும். சூப்பர்செல் என்கிற ராட்சதப் புயல்மேகம் அப்படியில்லை. முழு மேகமும் பம்பரம் மாதிரி மெதுவாகச் சுற்றும். சுற்றிக்கொண்டே கீழே இருக்கிற சூட்டையும் ஈரத்தையும் உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் ஒரு ஐஸ் துண்டு கீழே விழவும் முடியாமல் மேலே தங்கவும் முடியாமல் மிதந்து பருத்துக்கொண்டே இருக்கும். மேகத்துக்குக் கை வலித்து விட்டுவிடும்போதுதான் அது நம் தலையில் விழுகிறது.

அன்று அது எங்கள் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி இடப்பக்கம் வடக்கே ஓடியது, இன்னொரு பாதி தயங்கி நின்றது. ரோட்டோரம் டெக்சாஸ், ஓக்லஹோமா எண் போட்ட வண்டிகள், கூரையில் ஆன்டெனா முளைத்த வண்டிகள், வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன்கள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே நின்றிருந்தது. அத்தனையும் சடசடவென்று வடக்கே திரும்பின.

"அண்ணி, எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க," என்றாள் ட்வைலா.

"போகட்டும். நமக்கு ரோடு காலியாச்சு."

"போன் ரேடார்ல அதுதான் செக்கச்செவேல்னு இருக்கு. இது வெளுத்துப் போச்சு."

"ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும். நிக்கிறதுதான் உக்காந்து தின்னும். கொஞ்சம் பொறு, வலது பக்கம் திரும்பும் பாரு."

"திரும்பலேன்னா?"

"திரும்பலேன்னா உன் வீட்ல பாத்திரம் நான் தேய்க்கிறேன்."

"ஒரு மாசம்."

"ஒரு மாசம்."

அவள் வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் எவ்வளவு பெரிய பந்தயம் கட்டினேன் என்பது தெரியும். கொஞ்ச நேரத்தில் நின்றிருந்த பாதி வேகத்தைக் குறைத்து, உடம்பைத் திருப்பி, தென்கிழக்காக எங்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அடிவயிறு கறுத்து, நடுவில் பச்சை தெரிந்தது. பாசி பிடித்த மீன்தொட்டிக்குள் விளக்குப் போட்டாற்போல ஒரு பச்சை.

நான் சரளை ரோட்டைப் பிடித்து அதற்கு முன்னால் தெற்கே போய் நிறுத்தினேன். இடப்பக்கம் வெர்ன் ரைசிக்கின் கோதுமை, வலப்பக்கம் அறுக்காத குதிரைமசால் தீவனம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. எஞ்சினை அணைத்ததும் மேலே சத்தம் கேட்டது. இடி இல்லை. சர்க்கரை பீட்ரூட் ஏற்றிய லாரிகளை வானத்து மாடியில் வரிசையாக யாரோ கவிழ்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி, நிற்காத ஒரு உருளல். கல் இன்னும் கீழே விழவில்லை. மேலே ஒன்றோடொன்று உரசுகிறது.

"கேக்குதா?"

"வயித்துல கேக்குது அண்ணி."

பெரிய கல் மழை மாதிரி கொட்டாது. ஒன்று விழும். பிறகு மௌனம். பிறகு அங்கே ஒன்று. முதல் கல் ரோட்டில் விழுந்து வெடித்து, துண்டுகள் எங்கள் காரைத் தாண்டிப் போயின. இரண்டாவது எங்கள் எஞ்சின் மூடியில். மூன்றாவது முன்கண்ணாடியில் இறங்கியதும் அது சிலந்தி வலையாகி என் மடியில் சர்க்கரை மாதிரி கண்ணாடித் தூள் கொட்டியது.

"இப்ப இறங்கலாமா?" என்றாள் ட்வைலா.

"இப்ப இறங்கினா உன்னைச் சுரண்டித்தான் எடுக்கணும். இரு!"

அவள் ஏற்கெனவே பள்ளிக்கூட அணியின் பழைய ஃபுட்பால் ஹெல்மெட்டை மாட்டி, வான்கோழி சுடுகிற பெரிய தகரத் தட்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். அந்தத் தட்டில் நவம்பரில் வான்கோழி வைத்துத் தருகிறாள், அதையும் சாப்பிடுகிறோம். அப்போதுதான் குதிரைமசால் வயலில் ஒன்று விழுந்தது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, தரை அதிர்ந்தது. பயிர் ஒரு முறை இரண்டு பக்கமும் விலகி மூடிக்கொண்டது. அது வரும்போது நான் பார்த்தேன். பந்து மாதிரி வரவில்லை, குழந்தைத் தொட்டிலைத் தூக்கி எறிந்த மாதிரி புரண்டுகொண்டே வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வரும்போது அதற்கு நிழல் இருந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன்!"

இருவரும் இரண்டு கதவிலும் ஒரே நேரத்தில் இறங்கினோம். என் தலையில் பின்சீட்டு மெத்தை. தட்டில் ஒரு கல் விழுந்து கோயில் மணி மாதிரி அடித்தது. ட்வைலா எந்தப் பாதிரியாருக்கும் தெரியாத வார்த்தை ஒன்றைச் சொன்னாள், ஆனால் தட்டை விடவில்லை. ஈர மண்ணும் அடர்ந்த பயிரும் தாங்கியிருந்ததால் கல் உடையவே இல்லை. முள்ளும் முடிச்சுமாக, சதைப்பற்றுள்ள வெள்ளை நட்சத்திரம் மாதிரி குழிக்குள் உட்கார்ந்திருந்தது. அடுப்பங்கரைக் கையுறையோடு நான்தான் தூக்கினேன். இரண்டு உள்ளங்கையிலும் அடங்கவில்லை.

ஓடி வந்து காருக்குள் ஐஸ் பெட்டியைத் திறந்தால், அடியில் வெதுவெதுப்பான தண்ணீர்.

"ஐஸ் எங்கடி?"

"லெமனேட்ல."

"மூட்டை முழுசுமா?"

"வெயில் அண்ணி! நீங்களும்தான் ரெண்டு டம்ளர் குடிச்சீங்க!"

கல் என் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. நாற்பது மைல் போக வேண்டும். அப்போது என் மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது, அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். வெளியே வயல் பூராவும் ஐஸ் கிடக்கிறது. ஆலங்கட்டியைக் குளிரவைக்க ஆலங்கட்டியைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்? வான்கோழித் தட்டால் முட்டை சைஸ், வாதுமை சைஸ் கற்களை அள்ளி அள்ளிப் பெட்டியில் கொட்டி, நடுவில் நம் மகாராஜாவைப் படுக்கவைத்து, மேலேயும் கொட்டி மூடினோம்.

"அண்ணி, நீங்க பஸ் ஓட்டியிருக்கவே கூடாது. சயின்டிஸ்ட் ஆகியிருக்கணும்," என்றாள் ட்வைலா. அந்த நாளில் அவள் சொன்னதிலேயே முட்டாள்தனமான விஷயம் அதுதான்.

முன்கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. பக்க ஜன்னலில் தலையை வெளியே நீட்டி நாய் மாதிரி ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். பற்களில் மூன்று வகைப் பூச்சி. ஜோலீன் கடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இறைச்சியை உறையவைக்கிற அவளுடைய குளிர்பெட்டிதான் ஊரிலேயே ஆழமானது. கல்லும் கூட வந்த கற்களும் கரைந்த தண்ணீருமாக அத்தனையையும் ஒரு பேசினில் கவிழ்த்து, அப்படியே உள்ளே வைத்தாள்.

"எவ்ளோ இருக்கும்க்கா?"

"எல்டனுக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் வராத அளவு இருக்கும்," என்றேன்.

மறுநாள் காலை கடை கொள்ளவில்லை. கெட்டில் கிரீக்கில் இருக்கிற எல்லோரும், இறந்தவர்களில் சிலரும் வந்திருந்தார்கள். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் ஜன்னலோர மேஜையில் வெர்ன் ரைசிக் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்த மேகம் அவருடைய கோதுமையை ஒரு மைல் நீளத்துக்கு மண்ணோடு தேய்த்துவிட்டது. பயிர் போனவர் காபியை முடித்து எழுந்து போகும்வரை அவர் எதிரில் கல்லைப் பற்றிப் பேசக்கூடாது. இங்கே யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. வெர்ன் கோப்பையை மிக மெதுவாகக் காலிசெய்தார். பிறகு இன்னொரு கோப்பை கேட்டார். ட்வைலா மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

கடைசியில் அவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா ஆர்லிஸ், நான் செத்தாத்தான் திறப்பீங்களா? திறங்க. என் கோதுமையைத் தின்ன கல்ல நானும் பாக்கணும்." பிறகு எல்டனைப் பார்த்து, "நீ ரிட்டையர் ஆனது என் அதிர்ஷ்டம். நீ வந்திருந்தா, வேர் நல்லாருக்குன்னு கழிச்சிருப்பே" என்றார்.

"வேர் நல்லாத்தான் இருக்கு, வெர்ன். காலையிலயே போய்ப் பாத்துட்டு வந்தேன்," என்றார் எல்டன்.

எல்லோரும் மூச்சு விட்டுச் சிரித்தார்கள். ஜோலீன் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் கவிழ்த்தாள்.

விழுந்தது ஒரே கட்டி. ராத்திரி தண்ணீர் உறைந்து, மகாராஜாவும் அவர் சேனையும் ஒன்றோடு ஒன்றாக ஒட்டி, பூசணிக்காய்க்கு மேல் கோழிமுட்டை முளைத்த மாதிரி ஒரு வடிவம். எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"பாத்துக்கோங்க," என்றேன்.

எல்டன் கண்ணாடியை மாட்டினார். அளவுகோலை வைத்தார். "ஒம்பது அங்குலம்."

கடை 'ஓ' என்றது. ஒரு நொடிதான்.

"சைபர்," என்றார் அடுத்தபடியாக.

"என்ன சைபர்?"

"ஒட்டினது கணக்குல வராது ஆர்லிஸ். வானத்துல ஒட்டினா கணக்கு. பெட்டியில ஒட்டினா கணக்கில்ல."

"இது வானத்துலயே ஒட்டினதுண்ணே!"

"உள்ள புல்லு இருக்கு. வானத்துல யாரு குதிரைமசால் போட்டிருக்காங்க?"

"நடுவுல இருக்கிறது முழுசா ஒரே கல்லு! நான் கையில தூக்கினேன்!"

"இருக்கலாம். எங்க முடியுதுன்னு சொல்லு, அளக்கிறேன்."

எல்டன் அந்தக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சந்தோஷப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வயல் பார்க்கிற முகத்தோடு பார்த்தார்.

"ஒரே வழிதான். நடுவுல அறுத்துப் பாக்கலாம். உள்ள வெங்காயம் மாதிரி வளையம் வளையமா இருக்கும். கடைசி வளையம் எதுவரைக்கும் முழுசாச் சுத்துதோ, அதுவரைக்கும் ஒரே கல்லு. அதுக்கு வெளிய இருக்கிறது உன் கைங்கரியம்."

"அறுத்தா கல்லே போச்சு!" என்று ட்வைலா கட்டியின் குறுக்கே கையை வைத்தாள். "அண்ணி, வேணாம். இப்படியே வச்சுக்கலாம். ஒம்பது அங்குலம்னு அவரே வாயால சொன்னார். கேட்டவங்க அம்பது பேரு இருக்காங்க."

எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒன்பது அங்குலம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டு திரியலாம். டிசம்பருக்குள் அதைப் பன்னிரண்டாக்கிவிட எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை சொன்னாலும் அது என் வாயில்தான் இருக்கும். ஆணியில் எல்டன்தான் இருப்பார்.

"அறுங்க," என்றேன்.

ஜோலீன் மான் வெட்டுகிற ரம்பத்தைக் கொதிதண்ணீரில் கழுவி எடுத்து வந்தாள். எல்டன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கல் கிறீச்சிட்டது. வெள்ளைத் தூள் மேஜையெல்லாம் கொட்டியது. வெர்ன் தன் கோப்பையை நகர்த்திக் கொண்டார். பாதி போனபோது ரம்பம் சிக்கியது. ஜோலீனிடம் வேலை பார்க்கிற எல்டனின் மனைவி நார்மா, சமையலறையிலிருந்து, "ஏங்க, உங்க விரலையும் சேத்து அறுத்துராதீங்க. சாயந்திரம் புல்லு வெட்டணும்" என்று குரல் கொடுத்தாள். கடைசியில் 'டப்' என்று இரண்டு பாதியும் மேஜையில் படுத்தன.

உள்ளே ஒரு வெள்ளை வளையம், ஒரு தெளிந்த வளையம், மறுபடி வெள்ளை, மறுபடி தெளிவு. நடுவில் மாட்டுக்கண் மாதிரி ஒரு மணி. மேகத்துக்குள் அது கிடந்த காலமெல்லாம் அப்படியே தெரிந்தது. நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அதற்கு ஈடாக ஒன்றுமே சொல்லத் தோன்றவில்லை.

எல்டன் கத்திமுனையால் கடைசி வளையத்தைச் சுற்றிக் கோடு கிழித்தார். வெளியே இருந்த முட்டைகளை மெல்லத் தட்டினார். ஒவ்வொன்றும் கோட்டோடு சரியாகக் கழன்று விழுந்தது. மிஞ்சியது ஒரே கல். அளவுகோலை வைத்தார். இன்னொரு தடவை வைத்தார். அவர் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார் என்று புரிந்தது.

"ஆறு," என்றார். "ஆறு அங்குலம். சுத்தமான கல்லு, ஆர்லிஸ். அழகான கல்லு. கால் அங்குலம் குறையுது."

யாரோ என் முதுகைத் தட்டினார்கள். ட்வைலா மூக்கை உறிஞ்சினாள். நான் தலையை நிமிர்த்தாமல், "ரம்பம் தின்னதுல கொஞ்சம் போயிருக்கும்" என்றேன்.

"நீளவாக்குல அறுத்தோம். நீளம் குறையாது."

அதற்கும் பதில் வைத்திருந்தார்.

நார்மா காபிக் கெட்டிலோடு வந்து எங்கள் மேஜையில் ஊற்றினாள். கழன்று கிடந்த முட்டைகளைப் பார்த்தாள். "ஏங்க, இதெல்லாம் எதுக்குக் கழிச்சீங்க?"

"பெட்டியில ஒட்டினது, நார்மா. கணக்கில்ல."

"அப்ப வாளியில ஒட்டினா?"

"எந்த வாளி?"

"என் ஐஸ்கிரீம் வாளிதாங்க. உங்க கல்லு விழுந்த அன்னிக்கு, கைப்பிடியைச் சுத்தி ஐஸ்கிரீம் செய்யலாம்னு முற்றத்துல கெடந்த ஐஸையெல்லாம் நான்தானே வாளியில பொறுக்கிப் போட்டு, உப்பும் போட்டேன். நீங்க வந்து பாத்துட்டு, 'அடியே, இது எவ்ளோ பெருசு'ன்னு வாளிக்குள்ளேர்ந்து எடுத்தீங்க. ஐஸ்கிரீம்கூட அன்னிக்குச் சரியா உறையல."

ஜோலீன் துடைப்பதை நிறுத்தினாள். வெர்ன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நார்மா யார் முகத்தையும் பார்க்காமல் எனக்குக் காபி ஊற்றி முடித்து, அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்நாளிலேயே மிகக் கஷ்டமான காரியம் அதுதான். ட்வைலா வாயைத் திறந்தாள், நான் அவள் காலை மிதித்தேன்.

எல்டன் எழுந்தார். நாற்காலி போட்டு ஏறி அச்சை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு ஓரத்தில் காது மாதிரி ஒரு புடைப்பு. அதற்கும் உருண்டைக்கும் நடுவே மெல்லிய பள்ளம். நகத்தை அதில் ஓட்டினார். பதினான்கு வருடம் நானும் அதைப் பார்த்திருக்கிறேன், கொம்பு என்றுதான் நினைத்தேன். கொம்பும் இருக்கலாம், வாளியில் வந்த வாதுமையும் இருக்கலாம். அந்தக் கல் கரைந்து எத்தனையோ காலம். இனி யாரும் அறுத்துப் பார்க்க முடியாது.

"கொம்பாக்கூட இருக்கலாம் எல்டன்," என்றார் வெர்ன். அவர் பரிதாபப்பட்டுவிட்டார்.

"இருக்கலாம்," என்றார் எல்டன். "நிரூபிக்க முடியாததை உன் வயல்லயே நான் சேத்ததில்ல."

அளவுகோலை எடுத்தார். காதை விட்டுவிட்டு அளந்தார்.

"அஞ்சே முக்கால்."

இப்போது 'ஓ' என்ற சத்தத்தில் ஜோலீன் கடையின் கூரைத் தகடுகள் இரண்டு எழும்பி உட்கார்ந்தன. ட்வைலா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். எல்டன் பலகையிலிருந்த தன் பெயர் பொறித்த மெல்லிய தகட்டைத் திருகாணியோடு தானே கழற்றினார். அவர் கை நடுங்கியது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நடுங்கவில்லை. கழற்றி மடித்துச் சட்டைப்பையில் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோலை முடிக்க உட்கார்ந்தார்.

"எல்டன் அண்ணே," என்றேன்.

"என்ன?"

"எனக்கு எத்தனை சதவீதம்?"

மென்று விழுங்கிவிட்டு, "நூறு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த எண்ணை அதற்கு முன்னால் எவரும் கேட்டதில்லை.

ஒரு பாதியை வெர்ன் வாங்கி உடைத்துத் தன் ஐஸ் டீயில் போட்டுக் கடைசித் துண்டுவரை கடித்துத் தின்றார். அது நியாயம்தான். இன்னொரு பாதியை ஜோலீன் ஈர மணலில் அழுத்திப் பதிவெடுத்துப் பிளாஸ்டர் ஊற்றினாள். அறுத்த பக்கம் தட்டையாக இருந்ததால் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. முன்பு அங்கே தொங்கிய எல்டனின் உருண்டை காற்றடித்தால் ஆடும், இது ஆடவே ஆடாது. கீழே என் பெயர், ஆறு அங்குலம் என்ற எண்ணோடு. எண்ணை எழுதியவர் எல்டன். என்னை அந்தப் பக்கம் போகக்கூட விடவில்லை.

இப்போதெல்லாம் வெளியூர் வண்டிகள் ஜோலீன் கடையில் நிற்கும்போது நான் கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில்தான் இருப்பேன். அவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"அடேயப்பா, எவ்ளோ பெருசு!"

"அதுவா?" என்பேன், காபியைக் கலக்கிக்கொண்டே. "அது பாதிதாங்க."

அவர்கள் கண் விரியும். சுவரைப் பார்ப்பார்கள், மறு பாதியை மனதுக்குள் ஊதி ஊதிப் பெரிதாக்குவார்கள். சிலர் பூசணி சைஸுக்குப் போய்விடுவார்கள், நான் தடுப்பதில்லை. பிறகு நம்பிக்கை வராமல், அடுத்த மேஜையில் இருக்கிற, முகத்தைப் பார்த்தாலே பொய் சொல்லமாட்டார் என்று தெரிகிற பெரியவரைக் கேட்பார்கள்.

"நிஜமாங்களா? பாதிதானா?"

எல்டன் ரோலை வாயில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு வேறு வழியில்லாமல் சொல்வார்.

"ஆமா. பாதிதான்."